பூ விழுந்த கண்ணும் புற ஊதா ஒளியும்

(சென்னையில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘கண்ணுக்கு லேசர்’ என்று சுருக்கமாகப் போட்டுவிட்டார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எறிய வழி சொல்லப் போகிறேன் என்று நினைத்து யாராவது வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது அதுவல்ல. வைரஸால் கண்நோய் வருகிறது. நோய் போய்விடுகிறது. ஆனால் அதன் தழும்பு கண்ணின் முன்படலமான கார்னியாவில் தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பார்களே, அந்தப் பூவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதை லேசரால் சீவி எடுக்க முடியுமா? யாருக்கு முடியும்? யாருடைய கண்ணைத் தொடவே கூடாது?

இதைச் சென்னையில் பேச எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்த நோய்களில் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயர். அந்தத் தழும்பைச் சீவும் ஒளி உடலின் திசுவில் என்ன செய்யும் என்று கண்டுபிடித்தவரும் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். முதலாவது ஊருக்கே தெரியும். இரண்டாவது இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

முதலில் நோயைப் பார்ப்போம்.

எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அது ஒன்று. 1918-ல் அங்கே கூட்டம் கூட்டமாக நோயாளிகள் வந்தார்கள். சிவந்த கண், நீர் வடிதல், மணல் அறுப்பது போன்ற உறுத்தல். அப்போது அங்கே பணியாற்றிய கிர்க்பேட்ரிக் என்ற மருத்துவர் அதைக் கவனித்து, 1920-ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அவர் சிவப்பைத் தலைப்பாக வைக்கவில்லை. கார்னியாவில் தோன்றிய புள்ளிகளைப் பற்றி எழுதினார். ‘மெட்ராஸ் ஐ’ என்று பெயர் பரவியது, சிவந்த கண் மட்டும் நம் நினைவில் நின்றது, புள்ளிகளை நாம் மறந்துவிட்டோம்.

இன்றைக்கு எந்தக் கண் சிவந்தாலும் ‘மெட்ராஸ் ஐ’ என்கிறோம். உடனே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறோம். எதிரில் வருபவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாம்! பார்வையால் எந்தக் கிருமியும் பரவியதில்லை. கண்ணைத் தொட்ட கை, முகம் துடைத்த துண்டு, பேருந்துக் கம்பி, கதவின் கைப்பிடி, இவற்றால்தான் பரவுகிறது. காய்ந்த பிளாஸ்டிக் பரப்பில்கூட இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாங்கள் கண் அழுத்தம் பார்க்கும் கருவியின் நுனியைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால், மருத்துவமனையே நோயைப் பரப்பும். அப்படிப் பரவியதும் உண்டு.

இது அடினோ வைரஸ். அதில் பல வகைகள் இருக்கின்றன. அவற்றில் சில, குறிப்பாக எட்டாம் வகை, முப்பத்தேழாம் வகை போன்றவை, கார்னியாவையும் விடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் கப்பல் கட்டும் தளங்களில் தொழிலாளர்களிடையே இதே நோய் காட்டுத்தீயாகப் பரவியது. வெல்டிங் பொறி, இரும்புத் தூள் என்று கண்ணில் ஏதாவது விழும், முதலுதவி அறைக்குப் போவார்கள், அங்கேயே தொற்றிக்கொள்ளும். ‘கப்பல்தளக் கண்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். எட்டாம் வகை வைரஸை 1955-ல்தான் பிரித்தெடுத்தார்கள். அதுவரை, பெயர் வைத்திருந்தோமே தவிர ஆளைத் தெரியாது.

நோய் வந்து ஒன்றிரண்டு வாரம் ஆகிறது. சிவப்பு குறைகிறது. அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். அப்போதுதான் புள்ளிகள் வருகின்றன. கார்னியாவின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெண்மையாகத் தென்படும். வைரஸ் அங்கே போய்ப் புண் ஆக்கியதால் வந்தவை அல்ல இவை. வைரஸ் விட்டுச்சென்ற எச்சங்களை எதிர்த்து நம் உடலே அனுப்பிய வெள்ளை அணுக்கள் அங்கே கூடி நிற்கின்றன. பகை போன பிறகும் படை கலையவில்லை, அவ்வளவுதான்.

நகைக்குக் கல் பதிக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். ‘சார், கண்வலி போயி ரெண்டு மாசம் ஆச்சு. பகல்ல ஓரளவு ஓட்டிடறேன். ராத்திரி எதுத்தாப்ல வண்டி லைட்டு வந்தா வெளிச்சம் செதறுது. கல்லுல பட்டை எங்க இருக்குன்னு புரியல’ என்றார். சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் கடைசி வரிக்கு முந்தைய வரி வரை படித்துவிட்டார். அட்டையில் எழுதும் எண்ணைப் பார்த்தால் ‘பார்வை நன்று’ என்றுதான் தோன்றும். ஆனால் அவர் தொழிலுக்கு அந்தக் கண் போதவில்லை. பலகை சொல்வது ஒன்று, வாழ்க்கை சொல்வது ஒன்று.

அவர் கேட்டது: ‘லேசர் வெச்சு எடுத்துடலாமா, சார்?’

நான் சொன்னது: ‘இப்ப வேணாம். காத்திருங்க.’

ஏன் காத்திருக்கச் சொன்னேன் என்பதில்தான் இன்றைய பேச்சின் பாதி இருக்கிறது. இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் தாமாகவே மங்கும். சிலருக்கு மாதங்களில், சிலருக்கு ஓரிரு வருடங்களில், சிலருக்கு அதைவிடத் தாமதமாக. ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டால் வேகமாக மறையும். நிறுத்தினால் மீண்டும் தோன்றும். மறுபடி போட்டால் மறையும். இந்த விளையாட்டில் மாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டவர்கள் கண் அழுத்தம் ஏறி, புரை வளர்ந்து வந்து நிற்பதைப் பார்க்கிறோம். அதனால் இப்போது சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற, எதிர்ப்பாற்றலை வேறு வழியில் அடக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கிறோம். பொறுத்திருந்து பார்த்து, மருந்தும் பார்த்து, அதற்குப் பிறகும் கண்மணிக்கு நேராகப் பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கும் தழும்புக்குத்தான் லேசர். தழும்பு ஆறாத கண்ணில் லேசரைப் போட்டால், எதிர்ப்பு அணுக்கள் மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். அப்படி மீண்டும் வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

சரி, அந்த லேசர் எங்கிருந்து வந்தது? இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

ரங்கசாமி சீனிவாசன். 1929-ல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-ல் இளங்கலை, 1950-ல் முதுகலை. பிறகு அமெரிக்கா சென்று தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1956-ல் வேதியியலில் முனைவர் பட்டம். வேலை செய்தது எங்கே? மருத்துவமனையிலா? இல்லை. கணினி செய்யும் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், நியூயார்க் மாநிலத்தில். அங்கே அவர் கையில் இருந்தது எக்ஸைமர் லேசர் என்ற புற ஊதா லேசர். பிளாஸ்டிக் போன்ற பொருள்களில் மிக நுண்ணிய வரிகளைப் பொறிக்க அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

உயிருள்ள பொருளின் திசுவில் இது என்ன செய்யும்? சீனிவாசனும் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் என்ற இரண்டு சகாக்களும் இந்தக் கேள்வியைப் போட்டுக்கொண்டார்கள். 1981 நவம்பர் 27. அமெரிக்காவில் முந்தைய நாள் நன்றி கூறும் பண்டிகை. எல்லா வீட்டிலும் வான்கோழி. சீனிவாசன் வீட்டில் மிஞ்சிய வான்கோழியை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அதன் எலும்பிலும் குருத்தெலும்பிலும் லேசரைப் பாய்ச்சினார்கள். வெட்டிய இடம் சுத்தமாக இருந்தது, ஓரத்தில் கருகல் இல்லை. பிறகு வேறொரு லேசரின் பச்சை ஒளியை வைத்துப் பார்த்தார்கள். அது சுட்டது, கரித்தது. ஒரே திசு, இரண்டு ஒளி, இரண்டு விளைவு. பண்டிகை மறுநாள் மிச்சக் கறியில் இருந்து ஒரு மருத்துவத் துறையே பிறந்தது!

ஏன் இந்த ஒளி சுடவில்லை? அதன் அலைநீளம் 193 நானோமீட்டர். அந்த ஒளித்துகள் ஒவ்வொன்றிலும் உள்ள ஆற்றல், திசுவின் மூலக்கூறுகளைக் கட்டி வைத்திருக்கும் வேதிப் பிணைப்பை நேராகவே முறிக்கப் போதும். உடைந்த துண்டுகள் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே பறந்துவிடுகின்றன. பக்கத்தில் உள்ள திசுவுக்குச் சூடு ஏறக்கூட நேரமில்லை. ஒரு துடிப்பில் போவது ஏறத்தாழ கால் மைக்ரான் தடிமன். மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். அதில் கால். மனிதத் தலைமுடி ஒன்றின் மேல் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டிய படம் ஒன்று ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்டது, மிகவும் புகழ்பெற்றது. முடி வேகவில்லை, சுருளவில்லை, பள்ளங்கள் மட்டும் விழுந்திருக்கின்றன.

இதை அறிந்து, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் சீனிவாசனைத் தேடி வந்தார். விலங்குகளின் கண்களை வைத்துச் சோதனை செய்தார்கள். 1983-ல் ட்ரோக்கல், சீனிவாசன், பிராரன் மூவரும் சேர்ந்து கார்னியாவில் எக்ஸைமர் லேசர் அறுவை பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். லாசிக் என்று இன்று ஊரெல்லாம் விளம்பரத் தட்டியில் தொங்குகிறதே, அதன் அடி வேர் அங்கேதான். ஆனால் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதலில் அனுமதித்தது கண்ணாடி கழற்றும் சிகிச்சைக்கு அல்ல, தழும்பு நீக்கும் சிகிச்சைக்கு. இரண்டுமே 1995-ல் வந்தன, தழும்புக்கானது சில மாதங்கள் முந்திக்கொண்டது. தழும்புக்கான சிகிச்சையைப் பி.டி.கே. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்கிறோம். சீனிவாசன், பிளம், வின் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. பரிசு வாங்கியவர்களில் ஒருவர் சென்னைக்காரர் என்று நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரி வந்தால் எனக்குச் சந்தோஷம்.

இப்போது கார்னியாவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

அதன் நடுப்பகுதியின் தடிமன் அரை மில்லிமீட்டர், சராசரியாக 540 மைக்ரான். ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. உள்ளே கொலாஜன் நுண்ணிழைகள் ஒரே பருமனில், ஒரே இடைவெளியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. தழும்பு விழுந்த இடத்தில் இழைகள் தாறுமாறாகிவிடுகின்றன. ஒளி சிதறுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது வெள்ளையாகத் தெரிகிறது.

தழும்பு இரண்டு விதமாகக் கெடுக்கிறது. ஒளியை மறைப்பது ஒன்று. மேற்பரப்பை மேடு பள்ளமாக்கி, உருவத்தைக் கோணலாக்குவது இன்னொன்று. மறைப்பதைக் காட்டிலும் கோணல்தான் பலருக்குப் பெரிய தொல்லை. எனவே லேசருக்கு முன் நாங்கள் செய்யும் ஒரு சின்ன வேலை உண்டு. கெட்டியான காண்டாக்ட் லென்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டுப் படிக்கச் சொல்வோம். அந்த லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி மேடு பள்ளத்தைச் சமப்படுத்திவிடும். அப்போது பார்வை நன்றாகத் தெரிந்துவிட்டதா? அப்படியானால் உங்களுக்குக் கத்தியும் வேண்டாம், ஒளியும் வேண்டாம், அந்த லென்ஸே போதும். இதைச் சோதிக்காமல் நேராக லேசர் அறைக்கு அழைத்துப் போகிறவரிடம் நான் போகமாட்டேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து ஆழம் பார்க்க வேண்டும். ஓ.சி.டி. என்ற படம் எடுக்கும் கருவி கார்னியாவைக் குறுக்கே வெட்டிக் காட்டும். தழும்பு முன்பக்கத்தில் ஏறத்தாழ நூறு மைக்ரானுக்குள் இருந்தால் லேசர் பேசும். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால் லேசருக்கு வேலை இல்லை. சீவிக்கொண்டே போனால் கார்னியா மெலிந்து முன்னால் பிதுங்கிவிடும். பெரியம்மை பார்த்த கண்ணோடு இருந்த முதியவர்களை உங்களில் சிலர் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தழும்புகள் பெரும்பாலும் கார்னியாவின் முழு ஆழத்துக்கும் போனவை. அதற்கெல்லாம் கார்னியா மாற்று அறுவைதான். நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945-ல் இதே எழும்பூர் மருத்துவமனையில்தான் ஏற்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன்.

லேசர் அறைக்குள் வாருங்கள். பயப்பட வேண்டாம், மயக்க ஊசி இல்லை. மரத்துப் போகும் சொட்டு மருந்து இரண்டு மூன்று தடவை. இமையைத் திறந்து பிடிக்க ஒரு சின்னக் கவ்வி. மேலே மினுக்கும் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். பிறகு டக் டக் டக் டக் என்று ஓசை. லேசாக முடி கருகிய வாசம் வரும். ‘என்ன டாக்டர், கண்ணு வேகுதா?’ என்று கேட்காதவர் குறைவு. வேகவில்லை, சிதறிப் போகும் துகள்களின் வாசம் அது. பல சமயம் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

அந்த அறையில் மருத்துவர் மட்டும் பார்க்கும் ஒரு காட்சி இருக்கிறது. விளக்கைக் குறைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், லேசர் படும்போது கார்னியாவின் மேல்தோல் நீல நிறமாக மின்னும். ஐம்பது மைக்ரான் தடிமனுள்ள அந்தத் தோல் கரையக் கரைய நீலம் அப்படியே இருக்கும். தோல் தீர்ந்து அடியில் உள்ள அடுக்கைத் தொட்டதும் அந்த இடத்தில் நீலம் அணைந்து கறுப்பாகும். எந்த இடம் முதலில் கறுக்கிறதோ, அதுதான் மேடு. தழும்பு எங்கே தூக்கி நிற்கிறது என்று கண்ணே காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. லேசர் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே அளவில்தான் சீவும். பத்து மைக்ரான் எடுத்தால் மேட்டிலும் பத்து, பள்ளத்திலும் பத்து. கீழே இறங்கிய பிறகும் அதே மேடு பள்ளம் அப்படியே நிற்குமே, என்ன பயன்? சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர் என்ன செய்கிறார்? முதலில் பட்டி பார்த்துப் பள்ளத்தை நிரப்புகிறார், பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். மெதில்செல்லுலோஸ் என்ற கொழகொழப்பான திரவத்தைக் கார்னியாவில் விட்டுப் பள்ளங்களை மூடுகிறோம். துருத்திக்கொண்டு நிற்கும் மேட்டை லேசர் சீவுகிறது. திரவம் கரைந்தால் மறுபடி விடுகிறோம், மறுபடி சீவுகிறோம். எப்போது நிறுத்துவது என்பதுதான் கைத்திறன். தழும்பு முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை வரும். அந்த ஆசையை அடக்கத் தெரிந்தவர்தான் நல்ல மருத்துவர். கொஞ்சம் வெண்மை மிச்சம் இருந்தாலும், பரப்பு சமமாகிவிட்டால் பார்வை எவ்வளவோ தெளியும்.

முடிந்ததும், தேவைப்பட்டால் மைட்டோமைசின் என்ற மருந்தில் நனைத்த பஞ்சை சிறிது நேரம் வைத்தெடுப்போம். ஆறும்போது புதிதாக மங்கல் படராமல் இருக்க அது. பிறகு கட்டுப் போடுவதற்குப் பதிலாக ஒரு மெல்லிய காண்டாக்ட் லென்ஸ். முதல் இரண்டு மூன்று நாள் வலி இருக்கும். நீர் கொட்டும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் ‘ஒண்ணும் இருக்காது’ என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது அநியாயம். மேல்தோல் மூன்று முதல் ஐந்து நாளில் வளர்ந்துவிடும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். நடுவில் சீவியதால் கார்னியா தட்டையாகி, வெள்ளெழுத்துப் போல் ப்ளஸ் பவர் ஏறும். தழும்புக்கு லேசர் செய்துகொண்டவர் முன்பு இல்லாத கண்ணாடி போட வேண்டி வரலாம். விளம்பரத் தட்டியில் வரும் லேசருக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேட்க வேண்டும். இதுவரை சொன்ன அடினோ வைரஸ், வந்து அடித்துவிட்டுப் போய்விடும் முரடன். அடுத்தவன் அப்படியல்ல, வீட்டுக்குள்ளேயே பதுங்கியிருப்பவன். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். காய்ச்சல் வந்த பிறகு உதட்டோரம் கொப்புளம் வருமே, அதே கிருமி. உலகில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அதன் முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், கடும் வெயில், அறுவைச் சிகிச்சை ஏதாவது எழுப்பினால் நரம்பு வழியே இறங்கி வரும். கண்ணுக்கு இறங்கினால் கார்னியாவில் மரக்கிளை வடிவத்தில் புண் உண்டாகும். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு தழும்பு, தழும்பின் மேல் தழும்பு.

அதைச் சீவ நாம் பயன்படுத்தும் ஒளி எது? புற ஊதா. அந்தக் கிருமியை எழுப்பக் கூடியது எது? புற ஊதாவும்தான்! எக்ஸைமர் லேசருக்குப் பிறகு தூங்கிய ஹெர்பிஸ் விழித்துக்கொண்டதை முயல்களிலும் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களிலும் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் ஹெர்பிஸ் தழும்புக்கு லேசர் கூடவே கூடாதா? கூடும், நிபந்தனையோடு. கண் குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை அமைதியாக இருந்திருக்க வேண்டும். லேசருக்கு முன்பே அசைக்ளோவிர் மாத்திரை தொடங்கி, பின்னும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். இந்த மாத்திரையின் பலனை அமெரிக்காவில் 703 நோயாளிகளை வைத்துச் சோதித்து 1998-ல் முடிவு வெளியிட்டார்கள். தினம் 400 மில்லிகிராம் இரண்டு வேளை ஒரு வருடம் சாப்பிட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 32 சதவீதம். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் பெரிய வித்தியாசம்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. பஞ்சின் நுனியை நூல் மாதிரி திரித்து கார்னியாவை மெல்லத் தொடுவோம். நல்ல கண் உடனே சிமிட்டும். ஹெர்பிஸும் அக்கியும் நரம்பைத் தின்றுவிட்ட கண், தொட்டாலும் பேசாமல் இருக்கும். உணர்வில்லாத கார்னியாவில் தோலைச் சீவினால் அது ஆறாது, புண்ணாகவே நிற்கும். அக்கி என்றதும் நினைவுக்கு வருகிறது. நெற்றியில் அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் மட்டும் எழுதி முடித்த கையோடு கண் மருத்துவரிடம் ஓடி வாருங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளை.

அந்தக் கல் பதிக்கும் நண்பர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. ஓரத்துப் புள்ளிகள் மங்கிவிட்டன. நடுவில் இரண்டு நின்றன. கெட்டி லென்ஸ் போட்டுப் பார்த்தோம், வித்தியாசம் தெரியவில்லை. படம் எடுத்தோம், மேலோட்டமாகத்தான் இருந்தது. பிறகுதான் லேசர். இப்போது வேலைக்கு ப்ளஸ் பவர் கண்ணாடி ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறார். அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டேதான் கல் பதிக்கிறார். ஆனால் பதிக்கிறார்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கோபத்தோடு. கண் சிவந்தால் மெடிக்கலில் போய் ‘கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க’ என்கிறோம். அவரும் எடுத்துக் கொடுக்கிறார். அதில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் சிவப்பு மாயமாக மறையும், ‘நல்ல மருந்து’ என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம். ஆனால் அந்தச் சிவப்பு ஹெர்பிஸ் புண்ணாக இருந்துவிட்டால்? எதிர்ப்பாற்றலை மருந்து அடக்கிவிடும், கிருமிக்குத் தடையே இருக்காது, கிளையாக இருந்த புண் தீவாகப் பரவும். லேசர் எட்டாத ஆழத்துக்குத் தழும்பு இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான். நான் பார்த்த ஆழமான தழும்புகளில் பலவற்றுக்குக் கிருமி பாதிக் காரணம், சொட்டு மருந்து மீதிக் காரணம். தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விடுகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விடுகிறவர்களை என்ன சொல்வது?

பாட்டிலின் மேல் சின்ன எழுத்தில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிப்ரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. நேரம் ஆகிவிட்டது, அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். கைப்பையில் கண் மருந்துப் பாட்டில் வைத்திருப்பவர்கள், கூச்சப்படாமல் அதை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன்.